இராத்திரிக்கு வாசிக்க என்ன இருக்கு? நாவல் தேடும் மலையக வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பழைய பிள்ளைக் காம்பராவின் மூலையில் ஓர் இரும்பு அலமாரி வைத்து நாவல் இரவல் கொடுத்து வருகிறேன். சாவி என் இடுப்பில். இருநூற்றுச் சொச்சம் புத்தகம் இருக்கும். அதில் நாற்பது ஐம்பது எப்போதும் யாராவது ஒருத்தர் வீட்டுத் தலையணைக்கு அடியில் கிடக்கும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்திலும் கடையடியிலும் பஸ்ஸிலும் என்னை மறித்துக் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒரு தடவை எழுதிவைத்தால் தொண்டைத் தண்ணி மிச்சம் என்று உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் என் ருசிதான், சண்டைக்கு வரலாம்.

ஓ.எல். பரீட்சை எழுதினதோடு புத்தகத்தைத் தொட்டதே இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

மெலிசான புத்தகத்திலிருந்து. என் முதல் கை எப்போதும் பூமணியின் "வெக்கை"க்குத்தான் போகும். 1982இல் வந்த நாவல். "அசுரன்" படம் இதைத் தழுவியது; படம் பார்த்தவர்களுக்கும் புத்தகம் வேறாகத்தான் இருக்கும். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் எடுத்த எடுப்பிலேயே ஓர் ஆளை வெட்டிவிட்டு ஓடுகிறான். பிறகு அப்பனும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிற சில நாட்கள்தான் முழுக் கதையும். எங்கே படுத்தார்கள், எதை அவித்துத் தின்றார்கள், எந்தச் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்தார்கள் என்பதிலேயே நெஞ்சு அடித்துக்கொள்ளும். கரிசல் காட்டுப் பேச்சு முதல் பத்துப் பக்கம் தட்டும், பிறகு காது பழகிவிடும்.

கொழும்பில் துணிக்கடையில் நிற்கிற ஒரு தம்பி தீபாவளி லீவு முடிந்து போகும்போது இதைக் கொண்டுபோனான். கினிகத்தேனையில் திறந்தவனுக்கு அவிசாவளை தாண்டியது தெரியவில்லையாம். "அண்ணே, எறங்குற எடத்த விட்டுட்டேன்" என்று மறுநாள் போன் எடுத்தான். அவன் இப்போது என்னைவிட அதிகம் வாசிக்கிறான்.

துப்பறியும் கதை, மர்மக் கதை எதை எடுக்கலாம்?

சுஜாதாவின் "கரையெல்லாம் செண்பகப்பூ". நாட்டுப்பாடல் சேகரிக்க ஒரு கிராமத்துக்கு வரும் படித்த பையன், பாழடைந்த ஜமீன் மாளிகையில் தங்குகிறான். பாட்டுத் தேடப் போன இடத்தில் கொலை. எனக்கு இந்த நாவல் இரட்டிப்பாகப் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பாட்டிமார் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டு பாடியதை மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை இப்படித்தான் கேட்டுக் கேட்டு எழுதி, "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்று தொகுத்தார். நாவலை வாசிக்கும்போதெல்லாம் அந்தப் பையன் முகத்தில் எனக்கு சி.வி.தான் தெரிவார். நல்ல காலம், அவர் போன இடத்தில் கொலை நடக்கவில்லை.

ஒரே இராத்திரியில் முடிய வேண்டும் என்றால் பொக்கெட் நாவல்தான். ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும் எங்கள் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சொந்தக்காரர் மாதிரி. ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேல் எழுதியிருக்கிறார். எல்லாமே நன்றாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். பத்தில் ஆறு உங்களை ஏமாற்றாது. தேயிலையில்கூட பத்துக் கிலோ எடுத்தால் முற்றல் கழித்துத்தானே நிறுக்கிறார்கள்?

மர்மக் கதை எடுக்கும்போது ஒன்று செய்யுங்கள்: கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் அலமாரியிலிருந்து போன ஒரு பொக்கெட் நாவலில் கடைசி எட்டுப் பக்கம் கழன்று போயிருந்தது எனக்குத் தெரியாது. கொண்டுபோன அக்கா இராத்திரி பதினொரு மணிக்கு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். காலையில் பெரட்டுக்களத்தில், கங்காணி பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, கொழுந்துக் கூடையோடு என் முன்னால் வந்து நின்றார். "யாரு கொன்னது? அத மட்டும் சொல்லுங்க, மலைக்குப் போறேன்." நானும் அதை வாசித்திருக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் கொலைகாரன் பிடிபடவில்லை.

பேய்க் கதை? நல்லாப் பயப்படணும்.

சுஜாதாவின் "கொலையுதிர் காலம்". கணேஷ், வசந்த் என்ற இரண்டு வக்கீல்கள், ஒரு பழைய பெரிய வீடு, அதற்குச் சொந்தக்காரப் பெண். நடப்பதெல்லாம் பேயா விஞ்ஞானமா என்று அவர்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பனி இறங்கின ஜூலை இராத்திரியில், மேலே ஆளில்லாத துரை பங்களாவில் ஒற்றை லைட் எரிவதைப் பார்த்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். நான் அப்படித்தான் வாசித்தேன். வெளியே போக வேண்டியிருந்தும் விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடந்தேன்.

சாமி, சாபம், ஊர்க் காவல் தெய்வம் என்று போக வேண்டுமானால் இந்திரா சௌந்தர்ராஜன். அவருடைய "விட்டுவிடு கருப்பா"தான் டீவியில் "விடாது கருப்பு" என்று வந்தது. தேயிலை ஸ்டோரில் மெஷினுக்குக் காவல் சாமியான ரோதைமுனிக்கு விளக்கு வைத்த பிறகு மெஷினில் கை வைக்கிற நமக்கு அந்தக் கதையின் பயம் புரியவைக்கத் தேவையில்லாதது.

"பொன்னியின் செல்வன்" ஐந்து பாகமாமே. நம்மால் முடியுமா?

முடியும், முதல் நாவலாக மட்டும் எடுக்காதீர்கள். 1950 முதல் நான்கு வருடம் கல்கி வாரா வாரம் எழுதிய கதை அது. அதனால் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு முடிச்சில் நிற்கும். ஐந்து பாகம் என்று மலைக்காமல் ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம், இரண்டு தேத்தண்ணி என்று கணக்கு வைத்தால் ஓடிவிடும். படம் பார்த்துவிட்டேனே என்று விடாதீர்கள். ஆழ்வார்க்கடியான் வாய்ச்சண்டை போடுகிற அழகு திரையில் கால்வாசிதான் வந்தது.

இரண்டாம் பாகம் "சுழற்காற்று" பெரும்பாலும் நம் நாட்டில் நடக்கிறது. வந்தியத்தேவன் கோடிக்கரையில் படகேறி இலங்கைக்கு வந்து அநுராதபுரம் வரை போகிறான். முதல் பாகத்தில் சலித்து நிறுத்தப் பார்த்தவர்களை நான் இந்த ஆசையைக் காட்டித்தான் இழுத்துப் போவேன்.

அவ்வளவு பொறுமை இல்லையா, அதே கல்கியின் "பார்த்திபன் கனவு" ஒரே புத்தகம். கடல், கொள்ளை, கப்பல், சண்டை வேண்டுமென்றால் சாண்டில்யனின் "கடல் புறா". வர்ணனை வருகிற இடத்தில் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகலாம், கதைக்கு ஒன்றும் ஆகாது.

காதல் கதை கேட்க வெட்கமாக இருக்கிறது…

எதற்கு வெட்கம்? எங்கள் அலமாரியில் அட்டை கிழிந்து, மறுபடி ஒட்டி, மறுபடியும் கிழிந்து கிடப்பது ரமணிசந்திரன்தான். பகலெல்லாம் முதுகில் கூடையோடு நின்றுவிட்டு, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் படுக்கவைத்து, ஒன்பதரை மணிக்கு ஒரு பெண் நல்லபடியாக முடிகிற கதை ஒன்றை வாசிக்க நினைத்தால் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அடுத்த படி வேண்டுமென்றால் செங்கை ஆழியானின் "வாடைக்காற்று". 1973இல் வந்தது, ஐந்து வருடத்தில் இங்கேயே படமாகவும் எடுத்தார்கள். நெடுந்தீவுக் கடலோரம், வாடைக்காற்றுக் காலத்தில் இடம்பெயர்ந்து வருகிற மீனவர்கள். உப்புக்காற்று படாத மலையில் இருந்துகொண்டு வாசிக்கும்போது அது தனி ருசி. தகழியின் "செம்மீன்" சுந்தர ராமசாமி தமிழில் கிடைக்கிறது. அழத் தயாராக இருந்தால் பஷீரின் "பால்யகால சகி", நூறு பக்கம் தாண்டாத சின்னக் கதை. நல்லபடியாக முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்; சொல்லாமல் கொடுத்து ஒரு தங்கச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சிரிக்க?

செங்கை ஆழியானின் "ஆச்சி பயணம் போகிறாள்". யாழ்ப்பாணத்துக் கிராமத்தை விட்டு வெளியே வந்திராத ஆச்சி கதிர்காமத்துக்குப் புறப்படுகிறார், அவ்வளவுதான். யாழ்ப்பாணப் பேச்சு நம் காதுக்குக் கொஞ்சம் வித்தியாசம். சத்தம் போட்டு வாசித்தால் புரியும், சிரிப்பும் கூடும். தேவனின் "துப்பறியும் சாம்பு" இன்னொன்று. வங்கிக் குமாஸ்தா ஒருவர், முட்டாள்தனத்தாலேயே ஒவ்வொரு தடவையும் கள்ளனைப் பிடிக்கிறார்.

பஷீரின் "பாத்துமாவின் ஆடு"வை ஆடு வளர்க்கிற வீட்டுக்கு நான் கட்டாயம் கொடுப்பேன். அதில் வருகிற ஆடு பஷீர் எழுதிய புத்தகங்களையே தின்றுவிடும், "பால்யகால சகி" உட்பட. எங்கள் பிரதி ஒரு மூலை கடிபட்டுத் திரும்பி வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை.

நம்ம மலையகத்தைப் பற்றின நாவல் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் யோசிப்பேன். ஆரம்பத்தில் ஒரு பிழை செய்துகொண்டிருந்தேன். யார் வந்து நாவல் கேட்டாலும் "முதல்ல நம்ம கதையை வாசிங்க" என்று கஷ்டம் நிறைந்த புத்தகமாகப் பார்த்துக் கையில் திணிப்பேன். பாதிப் பேர் திரும்பி வரவில்லை. காலையில் அட்டை கடித்த காலோடு வந்தவருக்கு இராத்திரியிலும் அட்டைக்கடியா? ஒரு பெரியவர் முகத்துக்கு நேரே சொன்னார்: "தம்பி, இது எனக்குத் தெரிஞ்ச கதை. தெரியாத கதை ஏதாச்சும் குடு." அன்றைக்குப் பிறகு நானாகக் கொடுப்பதில்லை. கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் இந்த வரிசையில் கொடுப்பேன்.

முதலில் தெளிவத்தை ஜோசப். ஆசிரியராக வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர், 2022இல் காலமானார். கஷ்டத்தைச் சொல்லும்போதும் உதட்டோரத்தில் ஒரு நக்கல் வைத்திருப்பார், அதனால்தான் அவர் முதலில். "காலங்கள் சாவதில்லை" 1974இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த தோட்டத்து நாவல். "குடை நிழல்" சின்னது. கொழும்பில் குடும்பத்தோடு இருக்கிற மலையகத்து ஆள் ஒருவரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகிறது. வேலை தேடிக் கொழும்புக்குப் போன ஒருவராவது இல்லாத வீடு நம்மிடம் இல்லை. பொலிஸ் பதிவு, அடையாள அட்டை என்று அலைந்த தலைமுறைக்கு அந்தப் பக்கங்கள் சுடும்.

அடுத்து கோகிலம் சுப்பையாவின் "தூரத்துப் பச்சை", 1964. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்ற பேச்சை நம்பிக் கப்பலேறி வந்தவர்களின் கதை. பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள், அதை ஒரு பெண் நாவலாக எழுதிப் பார்க்கும்போது வேறு கனம். அதே வருடம் யாழ்ப்பாணத்து டாக்டரான நந்தி எழுதிய "மலைக்கொழுந்து" வந்தது. தோட்டங்களில் டாக்டராக இருந்த தி. ஞானசேகரனின் "குருதிமலை" 1979. தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்க வந்தபோது தொழிலாளர்கள் எதிர்த்து நின்றதைச் சொல்கிறது. 1977இல் டெவன் தோட்டத்தில் காணி பிரிப்பை எதிர்த்த தொழிலாளி சிவனு லெட்சுமணன் சுடப்பட்டதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கதையின் வேர் எங்கே என்று நான் சொல்லத் தேவையில்லை. சி.வி. வேலுப்பிள்ளையின் "வீடற்றவன்", சங்கம் வைக்கப் போனவன் வேலையும் காம்பராவும் போய் அலைவது. சி.வி. தொழிற்சங்கக்காரர், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். பேனா பிடித்த கைக்குத் தோட்டத்து மேட்டுப் பாதையும் தெரியும்.

இதே கதையின் அக்கரைப் பக்கம் பார்க்க ஆசைப்பட்டால் பி.எச். டேனியலின் "எரியும் பனிக்காடு". வால்பாறைத் தோட்டங்களைப் பற்றி ஒரு டாக்டர் ஆங்கிலத்தில் எழுதியது, இரா. முருகவேள் தமிழாக்கினார். "பரதேசி" படத்துக்கு மூலம். கங்காணியும் துரையும் அங்கேயும் அதே ஆட்கள்தான், பேர்தான் வேறு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கலவரத்துக்குப் பயந்து மலையை விட்டு வன்னிக்கு இறங்கிப் போன நம் ஆட்களுக்கு என்ன ஆனது என்று கேட்கிறவர்களுக்கு சயந்தனின் "ஆதிரை" (2015). தடித்த புத்தகம், மனதைத் தயார்படுத்திக்கொண்டு எடுங்கள்.

"தெரியாத கதை" கேட்ட அந்தப் பெரியவருக்கு என்ன கொடுத்தீர்கள்?

ப. சிங்காரத்தின் "புயலிலே ஒரு தோணி". இரண்டாம் உலக யுத்த காலத்து மெடான், பினாங்கு. வட்டிக் கடையில் வேலைக்குப் போன தமிழ்ப் பையன் பாண்டியன், ஜப்பான்காரர்கள், கடல், கைத்துப்பாக்கி. முதல் முப்பது பக்கம் மலாயும் செட்டிநாட்டுப் பேச்சும் கலந்து குழப்பும். பெரியவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டு வாரம் வைத்திருந்து, நடுவில் கொழுந்து எடை போட்டதற்குக் கொடுத்த துண்டை அடையாளத்துக்கு வைத்தபடியே திருப்பிக் கொடுத்தார். "இந்தப் பய நம்ம தோட்டத்துக்கு வந்திருந்தா தலைவராயிருப்பான்" என்றார்.

சாகசக் கதையின் முதல் வேர் நம் மலையிலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படுகிற "அசன்பே சரித்திரம்" 1885இல் வந்தது. எழுதியவர் கண்டியில் பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பை. எகிப்தில் பிறந்த குழந்தை கடத்தப்பட்டு இந்தியாவுக்கு வந்து வளர்கிற கதை. தமிழின் முதல் நாவலான "பிரதாப முதலியார் சரித்திரம்" 1879. ஆறே வருட வித்தியாசம். நடை பழசு, இன்றைக்கு இழுத்துப் பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். ஆனால் கண்டியில் உட்கார்ந்து கெய்ரோவைக் கற்பனை பண்ணின அந்த மனுஷனுக்காக ஒரு தடவை புரட்டலாம்.

விஞ்ஞானக் கதை?

சுஜாதாவின் "என் இனிய இயந்திரா", பிடித்தால் தொடர்ச்சியான "மீண்டும் ஜீனோ". ஜீனோ ஓர் இயந்திர நாய்; புத்தகம் வாசிக்கும், மனுஷனைவிட நன்றாக யோசிக்கும். ஏ.எல். வகுப்பில் படிக்கிற பிள்ளைகள் இரண்டே நாளில் முடித்துவிட்டு வருவார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு, பன்னிரண்டு பதின்மூன்று வயதில்?

மார்ட்டின் விக்கிரமசிங்கவின் "மடோல் தூவ". 1947இல் சிங்களத்தில் வந்தது, தமிழிலும் இருக்கிறது. உபாலி, ஜின்னா என்ற இரண்டு குறும்பன்கள் வீட்டை விட்டு ஓடி ஒரு தீவில் குடியேறுகிறார்கள். ஆற்றில் குளிக்கப் போய் அடி வாங்கின பையன் எவனுக்கும் இது பிடிக்கும். சிங்களப் பிள்ளைகளும் இதே கதையை வாசித்துத்தான் வளர்கிறார்கள். டவுனில் ஸ்கூல் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

மகள் எந்நேரமும் பொக்கெட் நாவல். படிப்பு கெடாதா?

பரீட்சைக்கு முந்தின மாதம் மறைத்து வையுங்கள். மற்ற நாளில் விடுங்கள். நானும் அதிலிருந்து வந்தவன்தான்.

பாதியில் நிறுத்தினால் பாவமா?

ஐம்பது பக்கம் வரை பாருங்கள், பிடிக்காவிட்டால் கொண்டுவந்து வேறு எடுங்கள். ஒன்றே ஒன்று, "நல்லா இருந்திச்சு" என்று பொய் சொல்லாதீர்கள். அடுத்த ஆளுக்கு நான் என்ன சொல்லிக் கொடுப்பது?

புத்தகம் வாங்கக் காசில்லை. போனில் வாசிக்க முடியுமா?

முடியும். ஈழத்து நூல்களுக்கு "நூலகம்" என்ற இணைய நூலகம் இருக்கிறது, 2005இலிருந்து. பழைய வீரகேசரிப் பிரசுரங்களை நான் அங்கேதான் தேடுவேன். கல்கி, புதுமைப்பித்தன் போன்றவர்களின் எழுத்தைத் தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது. "மதுரைத் திட்டம்" தளத்தில் காசில்லாமல் இறக்கலாம். புதுமைப்பித்தனின் "துன்பக்கேணி"யை அங்கே தேடிப் பாருங்கள். 1930களிலேயே நம் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி எழுதிய நெடுங்கதை. சிக்னல் இருக்கிற மேட்டில் நின்று இறக்கிவைத்துக்கொண்டு லயத்தில் வாசிக்கலாம். உயிரோடு இருக்கிற எழுத்தாளர்களின் புத்தகத்தைத் திருட்டுத்தனமாக ஸ்கேன் பண்ணி வாட்சப்பில் அனுப்புவதை மட்டும் எனக்கு அனுப்பாதீர்கள்.

வாங்குவதென்றால், இந்தியப் புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கிற விலையைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். நம் காசில் மூன்று மடங்குக்கு மேல் போகும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றுவது நல்லது.

புத்தகம் மழையில் நனைஞ்சிடுச்சு. திட்டுவீங்களா?

திட்டமாட்டேன், மறைத்தால்தான் கோபம் வரும். அடுப்புக்கு மேலே மட்டும் வைக்காதீர்கள். அட்டை வளைந்து, பக்கம் பழுத்து, வாசிக்கிறவர்களெல்லாம் கருவாட்டு வாசத்தில் பசியெடுத்துக் கிடக்க வேண்டிவரும். இருபது பக்கத்துக்கு ஒரு தடவை பழைய பேப்பர் வைத்து, முன் திண்ணையான இஸ்தோப்பில் காற்றுப்படுகிற இடத்தில் விசிறி மாதிரி விரித்து நிமிர்த்தி வையுங்கள். பேப்பர் ஈரமானதும் மாற்றுங்கள். தென்மேற்குப் பருவ மழையில் மூன்று நாளாவது எடுக்கும். காய்ந்த பிறகு கனமான எதையாவது மேலே ஏற்றி ஓர் இராத்திரி வைத்தால் பக்கம் படியும். எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு அம்மிக்கல்லைத்தான் வைப்போம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் கொண்டுவாருங்கள், அலமாரி திறந்திருக்கும்.